மூஞ்சில வேணாம்டா

சட்ராஸ் கடற்கரையில் ஹெலனுக்கு ‘சத்தம் டீச்சர்’ என்று பேர். படகுகள் கரையேறும் விடிகாலையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஈர மணலில் நிற்பாள். வலை இழுப்பவர்கள் போடும் கூச்சல், எஞ்சின் திணறித் திணறிப் பிடிக்கும் சத்தம், ஏலம் கூவும் பெண்களின் குரல், கூடையை நண்டு பிறாண்டுவதுகூட அவளுக்கு வேண்டும்.

“இன்னா டீச்சரே, மீனு வாங்க வர்லியா? சத்தம் வாங்க வந்துகிறியா?” என்பார்கள். அவள் பதிவு செய்கிறாள் என்று தெரிந்ததும் வேண்டுமென்றே இன்னும் உரக்கக் கத்துவார்கள்.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. சமூக அறிவியலுக்கு வந்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அதையும் அவளே எடுத்தாள். எட்டாம் வகுப்பு ஒலிப் பாடத்துக்காகத்தான் சத்தங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். பயிற்சி வகுப்பில் பழக்கமான சுஜாதா, ஊரப்பாக்கத்துப் பக்கம் ஒரு பள்ளியில் அதே பாடம் எடுப்பவள், அதைக் கேட்டுவிட்டுத் துள்ளினாள்.

“நீ செஞ்சத நான் எடுத்துக்கறேன், நான் செஞ்சத நீ எடுத்துக்கோ. ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து ஏன் சாவணும்?”

அப்படித் தொடங்கியதுதான் ‘பாடப்பொதி’ என்ற வாட்ஸப் குழு. மாவட்டம் முழுக்க ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். மீன் ஏலச் சத்தத்தைத் தமிழாசிரியர் ஒருவர் கேட்டு எழுதும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். கணக்கு டீச்சர் அதே ஏலத்தில் விலை ஏறுவதை வைத்து விழுக்காடு நடத்தினாள். யாரோ செய்த தெர்மகோல் இதயத்தின் அளவுகள் வரும், யாரோ வரைந்த நிலப்படம் வரும். ஹெலன் வீட்டில் பாதி அறை அட்டைப் பெட்டிகளாக நிறைந்துபோனது.

அந்த வீடு காலனியின் கடைசியில் இருந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஹெலனின் மாமியார் மார்கரெட்டும் நடவு நட்டவள்தான். பிறகு கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. காலனியில் கவர்மெண்ட் வேலை பார்க்கும் முதல் மருமகள் ஹெலன் என்பதில் மார்கரெட்டுக்குப் பெருமை உண்டு. அட்டைப் பெட்டிகள் மேல்தான் கோபம்.

“குந்த எடமில்ல. எலி கூடு கட்டப் போவுது. இத்தயெல்லாம் இஸ்கூல்லயே வெச்சா இன்னா?”

“அங்க கூரை ஒழுவுது அத்த.”

ஹெலனின் கணவன் பெஞ்சமின் பெட்டிகளைப் பற்றிப் பேசமாட்டான். தாண்டிப் போகும்போது ஒரு உதை விடுவான்.

அவன் நல்ல வெல்டர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டுமான வேலையில் இருந்தான். மேற்பார்வையாளரை அடித்ததில் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் சேர்ந்தான். சிற்பம் செதுக்குவது அவன் வேலை இல்லை. மற்றவர்கள் செதுக்கியதற்கு கிரைண்டர் பிடித்து மெருகு போடுவது. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது கண் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். குளித்தாலும் காதுக்குள் கிரைண்டர் இரைந்துகொண்டே இருக்கும் என்பான். அதை அடக்கக் குடிப்பான். குடித்தால் அடிப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்தே அடிப்பவன்தான். இப்போது அடிக்கடி ஆகிவிட்டது. மகள் கவியா நர்சிங் படிக்கச் செங்கல்பட்டு விடுதிக்குப் போன பிறகு தடுக்கவும் ஆளில்லை.

ஐப்பசியில் ஒருநாள் ஹெலன் அந்தக் கல் பட்டறைக்கே போனாள். கெட்டியான கல்லில் உளி ஒரு மாதிரியும் உள்ளே விரிசல் விட்ட கல்லில் வேறு மாதிரியும் கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது பாடத்துக்கு ரொம்பப் பொருத்தம். பெஞ்சமினிடம் முந்தின நாளே கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

பட்டறை ஸ்தபதி நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லி, உளிச் சத்தம் மட்டும் கேட்கும்படி தட்டிக் காட்டினார். “டேய் பெஞ்சமினு, கிரைண்டர ஆஃப் பண்ணு. டீச்சரம்மா பாடம் எடுக்கறாங்க” என்று குரல் கொடுத்தார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

“இன்னா மச்சான், இவங்களா உன் சம்சாரம்? சொல்லவே இல்ல?”

“அங்க டீச்சரம்மாவுக்கு சேரு. இங்க நம்பாளு தூசியில கீறான்.”

பெஞ்சமின் முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கவே இல்லை. கண்கள் மட்டும் தெரிந்தன. ஹெலன் அதைப் பார்த்தாள். பதிவை அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. காற்றில்லாத, கனமான மழை. வீட்டுக்குப் பின்னால் சமையலுக்கு இறக்கியிருந்த தகரக் கொட்டாயில் அது விழும் சத்தத்தைக் கேட்டதும் ஹெலனுக்குப் பகல் பயம் மறந்துபோனது. பானை தண்ணீரில் சொட்டுவது ஒரு சத்தம், தகரத்தில் ஒரு சத்தம், வாழை இலையில் ஒரு சத்தம். கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவின்மேல் சாய்த்துப் பதிவைப் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தாள். மார்கரெட் உள்ளே படுத்திருந்தாள்.

பெஞ்சமின் நனைந்துகொண்டு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

“எதுக்குடி வந்த அங்க?”

“உங்கிட்ட கேட்டேன் இல்ல…”

முதல் அடி அவள் காதோரம் விழுந்தது. நெத்திலித் தட்டு கவிழ்ந்தது. மிளகாய்த்தூள் டப்பாவும் கைப்பேசியும் சேர்ந்து விழுந்தன.

“சேர் போட்டுக் குந்திகினு பாக்கறியா? நான் கூலிக்காரன், நீ டீச்சரா? அத்தினி பேரும் சிரிக்கறானுங்க. அதுக்குத்தான வந்த? சொல்றி!”

முடியைப் பிடித்து அவள் தலையை அம்மிக் கல்லருகே அழுத்தினான். அவள் கையை ஊன்றித் தடுத்தாள். முதுகில் முட்டிக்காலால் இடித்தான். அவள் கத்துவதில்லை. வருஷக்கணக்கான பழக்கம் அது. மூச்சு மட்டும் அடிக்கு அடி வெளியே வந்தது. அவன் அவளைத் திருப்பிப் போட்டு முஷ்டியை ஓங்கினான்.

அப்போது மார்கரெட் பின்வாசற்படிக்கு வந்து நின்றாள்.

“டேய், மூஞ்சில வேணாம்டா. நாளிக்கு இஸ்கூலுக்குப் போவணும் அவ.”

அவன் மூஞ்சியில் அடிக்கவில்லை. விலாவில் அடித்தான். வயிற்றில் உதைத்தான். மழை விடவே இல்லை.

மறுநாள் காலை மார்கரெட் பழைய சோற்றைக் கரைத்து உப்புப் போட்டுக் கொடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து முதுகில் பற்றுப் போட்டாள். “சேலைய இஸ்துப் போத்திக்கோ. ஒண்ணுந் தெரியாது,” என்றாள். ஹெலன் பள்ளிக்குப் போனாள். உளிச் சத்தமும் மழைச் சத்தமும் அனுப்புவதாகக் குழுவில் சொல்லியிருந்தாள். பிரேயர் மணி அடிப்பதற்குள் இரண்டையும் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினாள். கைப்பேசி டப்பாவோடு சேர்ந்து விழுந்தபோதே பதிவு நின்றுபோயிருக்கும் என்று நினைத்தாளா, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையா என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை.

அது நிற்கவில்லை.

மத்தியானம் சுஜாதா கூப்பிட்டாள்.

“ஹெலன், அந்த மழை ஃபைல்… அத நான் கிளாஸ்ல போட்டேன். ஸ்பீக்கர்ல.”

“நல்லா வந்துதா?”

“முழுசும் வந்துடுச்சு ஹெலன். கண்ண மூடிக் கேளுங்கன்னு பசங்ககிட்ட சொல்லிட்டு நான் கடைசி பெஞ்சுல இருந்தேன். ஓடி வந்து நிறுத்தறதுக்குள்ள… உங்க அத்தை பேசினது வரைக்கும் வந்துடுச்சு.”

 ஹெலன் ஆசிரியர் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பசங்க?”

“பாதிப் பேர் காதப் பொத்திக்கிட்டாங்க. கேட்ட சத்தத்தையெல்லாம் எழுதச் சொல்லியிருந்தேன் இல்ல? ஒருத்தி மட்டும் எழுதிக்கிட்டே இருந்தா. வாங்கிப் பாத்தேன். மழை, தட்டு விழற சத்தம், அப்பா வர்ற சத்தம்னு எழுதியிருக்கா. அப்பான்னு அதுல யாருமே சொல்லல ஹெலன்.”

சுஜாதா குழுவிலிருந்து அதை நீக்கிவிட்டாள். அதற்குள் யார் யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். எவரோ ஒருவர் மழையை வெட்டிவிட்டு அடியை மட்டும் தனியாக அனுப்பினார். அது கைக்குக் கை போனது. குழுவில் ஒருவர், ‘குடும்ப விஷயங்களைப் பாடக் குழுவில் பகிர வேண்டாம்’ என்று எழுதினார். அதற்கு நாலைந்து பேர் கும்பிடும் கைப் படம் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, நாலு நாள் லீவு போடுங்கள், அடங்கிவிடும் என்றார்.

மகள் கவியா வெள்ளிக்கிழமை பேசினாள்.

“எனக்கும் வந்துச்சும்மா. ரூம்மேட்டுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. யாருன்னு தெரியாம என்கிட்ட காட்டினா.”

“நீ இன்னா சொன்ன?”

“எங்கம்மான்னு சொன்னேன்.” என்றாள் கவியா. “சின்னதுல நான் போர்வைக்குள்ள கேட்டதுதானேம்மா. இப்ப எல்லாரும் கேட்டாங்க. நீ இன்னும் எதுக்கு அங்க கீற?”



கல் பட்டறைக்கு அது சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. யாரோ சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஸ்தபதி பெஞ்சமினைக் கூப்பிட்டு, “நாளையிலருந்து வராத. உன்ன வெச்சுக்கினு நான் சாமி செதுக்க முடியாது,” என்று சொல்லிவிட்டார்.

நல்ல வெயில். காலனி தெருவில் நெத்திலியும் கருவாடும் காய்ந்துகொண்டிருந்தன. ஹெலன் கப்பிச் சோதனைப் பெட்டியைப் பிரித்துத் துரு துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சமின் உள்ளே வந்தபோது அவன் கையில் பட்டறைச் சுத்தி இருந்தது. குடித்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“ஊரு பூரா ஓட்டிட்ட இல்ல? என் மானத்த எட்த்து ஊரு பூரா ஓட்டிட்ட.”

“தெரியாம போயிட்ச்சு.”

“தெரியாமயா? இஸ்கூல் இஸ்கூலா அனுப்பிகிறியேடி!”

முதல் அடி பெட்டிகளுக்கு. தெர்மகோல் இதயம் பொடியாகப் பறந்தது. லென்சுகளைக் காலில் போட்டு நசுக்கினான். ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து, உள்ளே இருந்ததைச் சுத்தியால் அடித்தான். மண்பாண்டத் துண்டு, சோழி, காந்தம், பிள்ளைகள் களிமண்ணில் செய்த மலை. தெருவில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. அப்புறம் மேஜைமேல் இருந்த கைப்பேசியை நோக்கி ஓங்கினான்.

ஹெலன் அதன்மேல் கையை வைத்தாள். அவன் நிறுத்துவான் என்று நினைத்தாள்.

வலது கையின் இரண்டு விரல்கள் உடைந்தன. அவள் கத்தினாள். பழக்கமில்லாத குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவன் மறுபடி ஓங்கினான். அந்த நேரத்தில் மார்கரெட் வேகமாக வாசலுக்குப் போனாள். வெளியே இருந்தவர்களை உள்ளே கூப்பிடப் போகிறாள் என்று ஹெலன் நினைத்தாள்.

மார்கரெட் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“ஊரே பாக்குதுடா பாவி,” என்றாள்.

இருட்டிய அறையில் ஹெலனுக்கு ஒன்று தெளிவாகியது. இங்கே இருந்தால் செத்துப்போவாள். இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள். அப்போதும் அந்தக் கதவு சாத்தியே இருக்கும். கப்பி மாட்டும் இரும்புத் தாங்கி அவள் காலடியில் கிடந்தது. இடது கையால் எடுத்தாள். அவன் இரண்டடி முன்னால் வந்தபோது முழங்காலைப் பார்த்து வீசினாள். எலும்பில் இரும்பு பட்ட சத்தம். அவன் உடைந்த பெட்டிகள்மேல் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். சுத்தி மூலைக்குத் தெறித்தது. இன்னொரு தடவை ஓங்கினாள். அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். அப்படி மூடிக்கொள்வதை அவள் பார்த்தாள். தன் கைகள் இத்தனை வருஷம் செய்த அதே வேலை. அடிக்கவில்லை.

“கதவத் தொறங்க அத்த.”

மார்கரெட் அசையவில்லை. முந்தானையை வாயில் அடைத்திருந்தாள்.

“தொறங்க.”

மார்கரெட் கையை நீட்டினாள். தாழ்ப்பாள் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திறந்தது. ஹெலன் கைப்பேசியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தாங்கியைக் கீழே போடாமலே வெயிலில் இறங்கி நடந்தாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போடும்போது சுஜாதா ரயிலில் வந்து சேர்ந்தாள். கவியா யூனிபாரத்தோடு ஓடி வந்தாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். வழக்கமாக அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது: கிணற்றடியில் வழுக்கிவிட்டது. ஹெலன், “வூட்டுக்காரரு சுத்தியால அடிச்சாரு,” என்றாள். டாக்டர் அதை எழுதினார்.

மகளிர் காவல் நிலையத்தில் விசாரணைக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். பெஞ்சமின் காலைத் தாங்கித் தாங்கி வந்தான். மார்கரெட் சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்து சுவரோரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் பிரபா அதிகம் பேசாதவர். ஹெலன் கொடுத்திருந்த புகாரைப் படித்துவிட்டு பெஞ்சமினைப் பார்த்தார்.

“இன்னாய்யா சொல்ற?”

“மேடம், சுத்தி தவறி விழுந்திச்சு மேடம். நான் பெட்டிய ரிப்பேர் பண்ணிகினு இருந்தேன்.”

“அந்த ஆடியோ?”

அவன் தயாராக வந்திருந்தான்.

“அது நாடகம் மேடம். இவங்க இஸ்கூலுக்கு இந்த மாதிரி நெறைய செய்வாங்க. பாடத்துக்கு. எங்கள நடிக்கச் சொன்னாங்க, நடிச்சோம். மழ சத்தத்தோட வரணும்னு சொன்னாங்க. வேணும்னா அந்தக் குரூப்புல பாருங்க, எல்லாம் பாடந்தான் கீது.”

ஹெலனோடு வந்திருந்த சுஜாதா, “பொய் சொல்றான் மேடம்!” என்று எழுந்தாள். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். ஹெலனின் கைப்பேசியை மேஜைமேல் வைத்துப் பதிவைப் போட்டார். மழை பெய்தது. தட்டு கவிழ்ந்தது. ஹெலன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் இதுவரை கேட்டதே இல்லை. தன் மூச்சு இப்படி வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அந்தக் குரல் வந்தது. இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

“ஏம்மா, இது நீதானே? நடிச்சியா?”

மார்கரெட் மகனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். “சொல்லும்மா. நாடகந்தான்னு சொல்லு,” என்றான்.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மார்கரெட் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“நாடகம் இல்ல,” என்றாள். “எம் புள்ள அவள அடிச்சிகினு இருந்தான். நான்தான் மூஞ்சில வேணாம்னேன்.”

“அடிக்காதன்னு சொல்லலியா?”

“சொல்லத் தோணலம்மா.” குரல் தாழ்ந்தது. “எம் புருசன் என்ன அடிக்கறப்ப எங்க மாமியா இத்ததான் சொல்லும். மூஞ்சில வேணாம்டா, நாளிக்கு அவ நடவுக்குப் போவணும்னு. எம்மேல பிரியந்தான் அதுக்கு. நானும் பிரியமாத்தான் சொன்னேன்.”

எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “எழுதும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மார்கரெட் கைநாட்டு வைத்தாள். பெஞ்சமினை ஜீப்பில் கோர்ட்டுக்கு ஏற்றினார்கள், அங்கிருந்து செங்கல்பட்டு சிறைக்கு. ஸ்டேஷனுக்கு வெளியே புங்க மரத்தடியில் மார்கரெட் ஹெலனிடம் வந்தாள். மாவுக்கட்டைத் தொடப் போனவள், தொடவில்லை.

“என்னோட வந்துடு ஹெலனு. நான் ஆக்கிப் போடறேன். கை சரியாவற வரைக்கும்.”

“இல்ல அத்த. கவியா ஹாஸ்டல் கிட்ட வூடு பாத்துகிது. நான் அங்க போறேன்.”

“நான்?”

“அது உங்க வூடு. இருங்க. மாசா மாசம் வந்து பாக்கறேன்.”

“எம்மேல கோவமா?”

ஹெலன் யோசித்தாள். “கோவந்தான் அத்த,” என்றாள். “கதவ சாத்துனீங்களே.”

மார்கரெட் தலையசைத்தாள். கல்பாக்கம் பஸ் வந்ததும் தனியாக ஏறினாள்.

ஹெலன் மருத்துவ விடுப்பு முடியக் காத்திராமல் பள்ளிக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் அவள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், வணக்கம் சொல்ல மறந்தார்கள். எல்லார் கண்ணும் மாவுக்கட்டில் இருந்தது. அவர்கள் கேட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“என் வூட்டுக்காரரு அடிச்சதுல ரெண்டு விரல் ஒடஞ்சிட்ச்சு,” என்றாள். “போலீசுல சொன்னேன். அவரு இப்ப ஜெயில்ல கீறாரு. எனக்கு வலிக்குது. ஆனா சரியாயிடும். உக்காருங்க.”

இடது கையால் கரும்பலகையில் ‘ஒலி’ என்று எழுதினாள். எழுத்து சரிந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. உளிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். எந்தக் கல் கெட்டி, எந்தக் கல்லில் விரிசல் என்று கேட்டாள். கைகள் உயர்ந்தன. மெதுவாக வகுப்பு வகுப்பானது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்காரும் சுஷ்மிதா வந்து தூணோரம் நின்றாள். தட்டில் சத்துணவு சாதமும் முட்டையும் அப்படியே இருந்தன.

“சாப்டலியா?”

சுஷ்மிதா தலையாட்டினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“டீச்சர்.”

“சொல்லு.”

“அந்த போலீஸ் ஸ்டேசனுக்கு எந்த பஸ்ஸுல போவணும் டீச்சர்?”

ஹெலனின் கை சோற்றில் நின்றது.

“யாருக்கு?”

“எங்கம்மாவுக்கு.”

ஹெலன் கையைக் கழுவினாள். டப்பாவை மூடப் பார்த்தாள், ஒற்றைக் கையால் முடியவில்லை. சுஷ்மிதா குனிந்து அழுத்தி மூடினாள்.

“அம்மா இப்ப எங்க கீறாங்க?” என்று கேட்டுக்கொண்டே ஹெலன் எழுந்தாள்.